பாசறைக்கு வந்த வாக்குப்பெட்டி

துப்பாக்கியும் வாக்குச்சீட்டும் – தொடர் 9

1862 நவம்பர் 10. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வர்ஜீனியாவில் வாரன்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் வடக்கின் பொட்டோமாக் படை அணிவகுத்து நின்றது. அந்தப் படையை ஒன்றுமில்லாததிலிருந்து கட்டியெழுப்பிய ஜெனரல் ஜார்ஜ் மெக்லெல்லனை அதிபர் லிங்கன் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கியிருந்தார். ஆணை கைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மெக்லெல்லன் குதிரையில் ஏறி ஒவ்வொரு வரிசையாக விடைபெற்றுக்கொண்டு போனபோது, தாடி வளர்ந்த ஆட்கள் தேம்பி அழுதார்கள். சிலர் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்து அவருடைய குதிரையைச் சூழ்ந்தார்கள். “வாஷிங்டனை நோக்கிப் படையைத் திருப்புங்கள்” என்று குரல் கொடுத்தவர்களும் உண்டு. அவர் திருப்பவில்லை. அதற்காகவாவது வரலாறு அவருக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து, 1864 நவம்பர் 8ஆம் தேதி நடந்த அதிபர் தேர்தலில், அதே மெக்லெல்லன் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக லிங்கனை எதிர்த்து நின்றார். அன்றுதான் ராணுவப் பதவியையும் ராஜினாமா செய்தார். அதுவரை சம்பளப் பட்டியலில் ஜெனரலாகவே இருந்துகொண்டு பிரசாரத்தைச் சந்தித்தார். முகாம்களில் வாக்குகள் எண்ணப்பட்டன. அவருக்காக அழுத பொட்டோமாக் படையில் ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேர் அவரைத் தூக்கியெறிந்த லிங்கனுக்கே வாக்களித்திருந்தார்கள். மேற்குப் படைகளில் லிங்கனின் பங்கு இன்னும் அதிகம். தனியாக எண்ணப்பட்ட சிப்பாய் வாக்குகள் மொத்தம் சுமார் 1,54,000. அதில் லிங்கனுக்கு விழுந்தவை சுமார் 1,20,000. நூற்றுக்கு 78. ஊரில் இருந்த குடிமக்களையும் சேர்த்த மொத்த வாக்கில் லிங்கனின் பங்கு நூற்றுக்கு 55தான்.

இந்த 78தான் இந்த அத்தியாயத்தின் நாயகன்.

ஒன்றரை நூற்றாண்டாக இந்த எண்ணுக்கு ஒரே ஒரு விளக்கம் சொல்லப்பட்டுவந்தது. போருக்கு வரும்போது யூனியனை, அதாவது நாட்டின் ஒற்றுமையை, காப்பாற்ற மட்டுமே வந்த சிப்பாய், அடிமை முறையைக் கண்ணெதிரே பார்த்தான், மனம் மாறினான், லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டான், அந்த மனமாற்றத்தைத்தான் வாக்குப்பெட்டியில் போட்டான். கேட்க இதமான கதை. ஜேம்ஸ் மக்ஃபர்சன், சந்திரா மேனிங் போன்ற பெரிய வரலாற்றாசிரியர்கள் ஆயிரக்கணக்கான சிப்பாய்க் கடிதங்களைப் படித்து இந்தக் கதைக்கு உரமூட்டினார்கள். அவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 2014இல் ஜொனதன் டபிள்யூ. வைட் என்ற வர்ஜீனியாப் பேராசிரியர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக ஒரு நூல் கொண்டுவந்தார்: ‘விடுதலை, யூனியன் படை, ஆப்ரகாம் லிங்கனின் மறுதேர்வு’. அவர் கடிதங்களோடு நிற்காமல் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ராணுவ நீதிமன்றக் கோப்புகளுக்குள் இறங்கினார். கடிதத்தில் மனிதன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வான்; விசாரணைக் கோப்பில் அவன் குடித்துவிட்டு உளறியதுகூடச் சாட்சியோடு பதிவாகியிருக்கும். கோப்புகளிலிருந்து அவர் எடுத்து வந்த கேள்வி எளியது. அந்த 78 பேரை எண்ணினோம், சரி. எண்ணப்படாமல் போனவர்கள் எங்கே?

அங்கே போவதற்கு முன், முகாமில் வாக்களிப்பது எப்படி நடந்தது என்று பார்த்துவிடலாம். அது புரியாமல் எண்ணிக்கை புரியாது.

அமெரிக்காவில் தேர்தல் நடத்துவது மாநிலங்களின் வேலை. அன்றைய சட்டங்கள் எல்லாம் வாக்காளன் தன் ஊரில், தன்னை அறிந்த அண்டை வீட்டார் முன்னிலையில் வாக்களிப்பதை வைத்தே எழுதப்பட்டவை. போர் தொடங்கியபோது, களத்தில் இருக்கும் சிப்பாய் அங்கேயே வாக்களிக்கச் சட்டத்தில் இடம் வைத்திருந்த மாநிலம் பென்சில்வேனியா ஒன்றுதான். 1813இல் போட்ட பழைய சட்டம். அதையும் 1862இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. வாக்காளன் தன் தொகுதியில் வசித்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம், வர்ஜீனியாச் சேற்றில் நிற்பவன் எப்படி அங்கே வசிப்பவனாவான் என்பது தீர்ப்பின் சாரம். எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் வுட்வர்ட். மறு ஆண்டே அவர் ஜனநாயகக் கட்சி சார்பில் ஆளுநர் பதவிக்கு நின்றார். அவருடைய தீர்ப்பின் புண்ணியத்தில் களத்தில் இருந்த பென்சில்வேனியாச் சிப்பாய்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை. அப்படியும் தோற்றார். 1864 ஆகஸ்டில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சாசனத்தையே திருத்திய பிறகுதான் அந்த மாநிலச் சிப்பாய்க்கு வாக்கு திரும்பி வந்தது.

நவம்பருக்குள் 19 மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவத்தில் களத்தில் வாக்களிக்க வழி செய்திருந்தன. லிங்கனின் குடியரசுக் கட்சி ஆண்ட இடங்களில் கதவு அகலத் திறந்தது. ஜனநாயகக் கட்சி சட்டமன்றத்தைப் பிடித்து வைத்திருந்த இல்லினாய், இண்டியானா, நியூஜெர்சியில் திறக்கவே இல்லை. சிப்பாய் யாருக்குப் போடுவான் என்று இரு கட்சிகளுக்கும் முன்பே ஒரு கணக்கு இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கொள்கை பேசியவர்கள் இரு பக்கமும் உண்டு. ஆனால் எந்தக் கொள்கை எந்தக் கட்சிக்கு லாபமோ அதுவே அந்தக் கட்சியின் கொள்கையாக இருந்தது.

அரசு அச்சிட்ட வாக்குச்சீட்டு என்ற ஒன்று அப்போது கிடையாது. மறைவாக வாக்களிக்கும் ஏற்பாடு அமெரிக்காவுக்கு வந்ததே 1888இல்தான். அதுவரை கட்சிகளே சீட்டு அச்சடித்தன. தங்கள் வேட்பாளர்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக உள்ள துண்டுத் தாள். பார்த்த மாத்திரத்தில் இது எந்தக் கட்சியுடையது என்று தெரியும்படி நிறமும் படமும் இருக்கும். வாக்காளன் அந்தச் சீட்டை வாங்கி, எல்லோரும் பார்க்கப் பெட்டியில் போட வேண்டும். ஊரிலேயே இதுதான் நிலை. முகாமில் பெட்டி என்பது சுருட்டுப் பெட்டியாகவோ வேறு எந்தக் கொள்கலனாகவோ இருக்கும். பல இடங்களில் அதற்குக் காவலாக உட்கார்ந்தவர்கள் அதே ரெஜிமென்ட்டின் அதிகாரிகள். பென்சில்வேனியாக்காரர்கள் அந்த அக்டோபரில் முகாமில் வாக்களிப்பதை வில்லியம் வாட் என்ற ஓவியர் வரைந்து, ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ அந்த மாதக் கடைசியில் வெளியிட்டது. முதல் சிக்கல் கட்சிச் சீட்டு உன் கைக்கு வருவதிலேயே தொடங்கும். லிங்கன் சீட்டு மூட்டையாக வந்து சேரும். மெக்லெல்லன் சீட்டு தபாலில் தொலைந்துவிட்டது என்ற புகார் முகாமுக்கு முகாம் எழுந்தது.

நியூயார்க் மாநிலம் வேறு மாதிரி செய்தது. ஆளுநர் ஹொரேஷியோ சீமோர் முதலில் சிப்பாய் வாக்கு மசோதாவைத் தடுத்தார். பிறகு 1864 மார்ச்சில் அரசியல் சாசனத் திருத்தம் வந்தபோது வேறு வழியில்லாமல் போயிற்று. அங்கே சிப்பாய் தன் சீட்டை உறையில் போட்டு ஒட்டி, நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரத்தோடு ஊருக்கு அனுப்பலாம்; தேர்தலன்று அவர் கொண்டுபோய்ச் சாவடியில் கொடுப்பார். உறை, அதிகாரப் பத்திரம், அதிகாரி கையெழுத்து இவ்வளவும் புழங்கும் இடத்தில் மோசடிக்குப் பஞ்சமா? அக்டோபரில் பால்டிமோரில் இருந்த நியூயார்க் முகவர்கள் மோசஸ் ஃபெர்ரி, எட்வர்ட் டோனஹ்யூ இருவரும் பிடிபட்டார்கள். சிப்பாய்களின் கையெழுத்தையும் அதிகாரிகளின் கையெழுத்தையும் போலியாகப் போட்டு ஜனநாயகக் கட்சிச் சீட்டுகளை உறைக்குள் திணித்தார்கள் என்பது வழக்கு. ராணுவ ஆணையம் விசாரித்து இருவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. அதே நேரம் வாஷிங்டனில் கைதான நியூயார்க் மாநில முகவர் சாமுவேல் நார்த்தும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் தேர்தல் முடியும்வரை சிறையில் கிடந்து, 1865 ஜனவரியில் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். பத்திரிகைகளில் பரவியது கைதுச் செய்தி. விடுதலைச் செய்தி பரவியபோது வாக்கு எண்ணி இரண்டு மாதமாகியிருந்தது.

இப்போது வைட்டின் கேள்விக்கு வரலாம். எண்ணப்படாதவர்கள் யார்?

முதலில், வீட்டுக்குப் போய்விட்டவர்கள். 1861இல் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களின் காலம் 1864இல் முடிந்தது. அரசு 400 டாலர் ஊக்கத்தொகையும் 30 நாள் விடுப்பும் காட்டி மறுபடியும் சேரச் சொன்னது. சுமார் 1,36,000 பேர் சேர்ந்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் போதும் என்று கிளம்பிவிட்டார்கள். எல்லோரும் அரசியல் காரணத்துக்காகப் போனார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூன்று குளிர்காலம் கூடாரத்தில் படுத்தவனுக்கு வீட்டுக்குப் போகத் தத்துவம் தேவையில்லை. ஆனால் போரின் நோக்கத்தில் நம்பிக்கை இழந்தவன் மறுபடி கையெழுத்துப் போடும் வாய்ப்பு குறைவு என்பது பொதுப்புத்தி. அதேபோல, விடுதலைப் பிரகடனத்துக்குப் பிறகு ராஜினாமா செய்த அதிகாரிகள், ஓடிப்போன சிப்பாய்கள். தெற்கு இல்லினாயில் திரட்டிய 109ஆவது ரெஜிமென்ட்டில் அதிருப்தியும் ஓட்டமும் அவ்வளவு பெருகியதால், 1863 ஏப்ரலில் அந்த ரெஜிமென்ட்டையே கலைத்து மிச்ச ஆட்களை வேறொன்றில் கொட்டிவிட்டார்கள். அந்த ஆட்களில் எத்தனை பேர் 1864 நவம்பரில் எந்த முகாமில் நின்றார்கள் என்று கேட்டால், வைட் எதைச் சொல்ல வருகிறார் என்பது விளங்கும். வாக்குப்பெட்டி வருவதற்கு முன்பே படை சலித்தெடுக்கப்பட்டுவிட்டது.

வாய் திறந்ததற்காக வெளியேற்றப்பட்டவர்கள் இன்னொரு கூட்டம். இதற்கு முன்மாதிரியை லிங்கனே வைத்தார். ஆன்டீட்டம் போருக்குப் பிறகு, எதிரிப் படையை ஏன் மடக்கிப் பிடிக்கவில்லை என்று கேட்ட சக அதிகாரியிடம் மேஜர் ஜான் கீ என்பவர், ஆட்டம் அதுவல்ல, இரு தரப்பும் களைக்கும்வரை இழுத்துப் பிறகு அடிமை முறையைக் காப்பாற்றி ஒரு சமரசம் செய்வதுதான் திட்டம் என்று சொல்லிவிட்டார். தகவல் லிங்கன் காதுக்கு எட்டியது. 1862 செப்டம்பர் 27ஆம் தேதி இருவரையும் நேரில் அழைத்து விசாரித்து, அன்றே கீயைப் பணியிலிருந்து நீக்கினார். சில வாரத்தில் கீயின் மகன், யூனியன் படையின் கேப்டன், பெரிவில் போரில் இறந்தான். லிங்கன் தந்தைக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். வேலையைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மறுத்துவிட்டார். அப்படிப் பேசும் ஆட்கள் படையில் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள் என்று அஞ்சினேன், ஒருவரை உதாரணமாக்க வேண்டியிருந்தது என்பதே அவர் தந்த விளக்கம்.

கீ பேசியது போரைப் பற்றி. அடுத்து வந்த நியூ ஹாம்ப்ஷர் லெஃப்டினன்ட் ஆண்ட்ரூ எட்ஜர்லி செய்தது வெறும் தேர்தல் வேலை. 1863 மார்ச்சில் தன் மாநில ஆளுநர் தேர்தலின்போது ஜனநாயகக் கட்சிச் சீட்டுகளை விநியோகித்தார் என்பதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆணையிலேயே அந்தக் காரணம் எழுதப்பட்டிருந்தது. போரை எதிர்த்த வடக்குக்காரர்களைக் ‘காப்பர்ஹெட்’ என்று அப்போது திட்டுவார்கள். சத்தமில்லாமல் கொத்தும் ஒரு விஷப்பாம்பின் பெயர் அது. எட்ஜர்லி கொடுத்தது காப்பர்ஹெட் சீட்டுகள் என்றது ஆணை. சட்டப்படி அவை முறையாக நிற்கும் ஒரு கட்சியின் வாக்குச்சீட்டுகள், அவ்வளவுதான். இந்த ஓர் ஆணையைப் படித்த பிறகு மற்ற லெஃப்டினன்ட்கள் வாக்குப்பெட்டி முன் எப்படி நடந்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போர்த்துறைத் துணைச் செயலர் சார்ல்ஸ் டேனா, பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார்: துறையின் அதிகாரமும் செல்வாக்கும் முழுவதும் லிங்கனை மீண்டும் ஜெயிக்க வைக்கவே பயன்பட்டன.

வைட் சொல்லும் இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆக முக்கியமாகப் படுகிறது. வாக்கு என்பது இருக்கிற இரண்டில் ஒன்றைப் பொறுக்குவது. 1864 ஆகஸ்ட் கடைசியில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி, போர் தோல்வி என்று அறிவித்து உடனடிச் சமாதானம் கேட்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. துணை அதிபர் வேட்பாளராக ஜார்ஜ் பென்டில்டன் என்ற சமாதானவாதியைப் போட்டது. மெக்லெல்லன் தன் ஏற்புக் கடிதத்தில் அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவைத்தார், ஆனால் அதற்குள் செப்டம்பர் 2ஆம் தேதி அட்லான்டா யூனியன் படையிடம் விழுந்துவிட்டது. மூன்றாண்டு ரத்தம் கொடுத்து ஜெயிக்கிற நேரத்தில், நீ செய்தது எல்லாம் வீண் என்று சொல்லும் கட்சிக்கு எந்தச் சிப்பாய் வாக்களிப்பான்? அடிமை விடுதலையில் எள்ளளவும் ஈடுபாடில்லாத ஜனநாயகக் கட்சிக்காரன்கூட லிங்கனுக்குப் போட்டுவிட்டுப் போகலாம். சிலர் இருவருக்கும் போடாமல் ஒதுங்கினார்கள். ஆகவே அந்த 78இல் விடுதலைக்கு விழுந்த வாக்கு எத்தனை, சிகாகோத் தீர்மானத்துக்கு எதிராக விழுந்தது எத்தனை என்று பிரித்தெடுக்க வழியில்லை என்கிறார் வைட்.

இதை ஏற்கிறேன். ஆனால் மிரட்டல் பற்றிய பகுதியில் அவர் கொஞ்சம் அதிகமாக அழுத்துகிறார் என்று தோன்றுகிறது. ஓஹயோ மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 1863 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கிளெமென்ட் வலண்டிகம். போர் எதிர்ப்புப் பேச்சுக்காக ராணுவம் கைது செய்து எதிரி எல்லைக்குள் தள்ளிவிட, அங்கிருந்து கனடாவுக்குப் போய் அங்கிருந்தபடியே போட்டியிட்டவர். ஓஹயோச் சிப்பாய்கள் அவருக்கு 2,288 வாக்கு, எதிராளி ஜான் ப்ரௌவுக்கு 41,467 வாக்கு. மறு ஆண்டு அதே மாநிலத்துச் சிப்பாய்கள் லிங்கனுக்கு 41,146, மெக்லெல்லனுக்கு 9,757. அதிகாரிகளின் கண் முன்னால், நிறம் தெரியும் சீட்டோடு, ஒரு வருஷத்தில் நாலு மடங்குக்கும் மேல் எதிர்ப்பு வாக்கு கூடியிருக்கிறது. பயந்து நடுங்கிய படை இப்படி வாக்களிக்காது. வலண்டிகம் வேறு, மெக்லெல்லன் வேறு என்று இந்த ஆட்கள் தெளிவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் 26,712க்கு 12,349; பழைய தளபதியின் மேல் பாசம் அங்கே முழுதாக வற்றவில்லை. அடிமை மாநிலமாகவே இருந்த கென்டக்கியிலோ சிப்பாய்களே மெக்லெல்லன் பக்கம்: 2,823க்கு 1,194. அங்கிருந்த அதிகாரிகளும் யூனியன் படையின் அதிகாரிகள்தானே?

2020இல் வந்த ஸக்கரி ஃப்ரையின் ஆய்வு, பொட்டோமாக் படையை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறொரு கோணத்தில் இதைத் திறக்கிறது. மேலிருந்து போர்த்துறை மிரட்டியதைவிட, கீழ்மட்டத்தில் லெஃப்டினன்ட்களும் கேப்டன்களும் செய்த அரசியல் வேலைதான் படையைத் திருப்பியது என்கிறார் அவர். 1863 தொடக்கத்தில் ரெஜிமென்ட் ரெஜிமென்ட்டாகக் கூடி, ஊரில் இருக்கும் போர் எதிர்ப்பாளர்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு, சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். கம்பெனி கேப்டன் என்பவர் யார்? போருக்கு முன் அதே ஊரில் வக்கீலாகவோ பள்ளி வாத்தியாராகவோ இருந்தவர். பல கம்பெனிகளில் சிப்பாய்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். அவர் வற்புறுத்துவது ராணுவ அதட்டலா, ஊர்ப் பெரியவரின் பேச்சா? இரண்டும்தான். நம் ஊரில் தேர்தல் காலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ‘பார்த்துப் போடு’ என்று ஒருவர் சொன்னால் அதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு அதிகாரம் என்று சொல்ல முடியாதல்லவா, அதே மாதிரி.

எட்டாம் தொடரில் 1783 நியூபர்க் முகாமைப் பார்த்தோம். சம்பளம் வராத அதிகாரிகள் சட்டமன்றத்தை மிரட்டத் துணிந்ததும், வாஷிங்டன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர்களைக் கரைத்ததும் நினைவிருக்கும். அன்றைய அச்சம், படை அரசாங்கத்தை ஆட்டிவைக்குமோ என்பது. 1864இன் அச்சம் தலைகீழ்: அரசாங்கம் படையை வைத்துத் தன்னைத்தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளுமோ? அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. சட்டமன்றம் களத்தில் வாக்கு மறுத்த இண்டியானாவின் சிப்பாய்களை, படைக்கு ஆபத்தில்லாத அளவுக்கு ஊருக்கு அனுப்பிவையுங்கள் என்று செப்டம்பர் 19ஆம் தேதி லிங்கன் ஜெனரல் ஷெர்மனுக்குக் கடிதம் எழுதினார். இது ஆணையல்ல என்ற பணிவோடுதான் எழுதினார். தலைமைத் தளபதியின் பணிவு எவ்வளவு கனமானது என்று ஷெர்மனுக்குத் தெரியாதா!

ஆனால் அதே லிங்கன் ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒரு தாளில், தான் தோற்பது பெரும்பாலும் உறுதி, தோற்றால் புதிய அதிபர் பதவியேற்பதற்குள் அவரோடு ஒத்துழைத்து யூனியனைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதி, மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் அமைச்சர்கள் அனைவரிடமும் பின்பக்கம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். சூழ்ச்சி செய்து ஜெயித்துவிடலாம் என்று நம்பும் மனிதன் எழுதுகிற தாள் அல்ல அது. இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

அக்டோபர் 11ஆம் தேதி இரவு, பென்சில்வேனியா, ஓஹயோ, இண்டியானா மாநிலத் தேர்தல் முடிவுகள் தந்தியில் வந்துகொண்டிருந்தன. லிங்கனும் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனும் தந்தி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் ஜான் ஹே அன்றிரவைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தந்திகளுக்கு இடையில் லிங்கன் பையிலிருந்து ஒரு நகைச்சுவைப் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தார். மருத்துவமனை வாக்குகள் வந்தன. ஓஹயோக்காரர்கள் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அரசுப் பக்கம். ஆனால் கார்வர் மருத்துவமனையில் மட்டும் மூன்றில் ஒருவர் எதிர்த்துப் போட்டிருந்தார்கள். லிங்கனும் ஸ்டான்டனும் கோடைக்கால வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் கடந்துபோகும் மருத்துவமனை அது. நம்மை நன்றாக அறிந்தவர்கள் இவர்கள்தான் போலிருக்கிறது, ஸ்டான்டன் என்று லிங்கன் சிரித்தார்.

சிப்பாய் வாக்குதான் லிங்கனை ஜெயிக்க வைத்ததா? தேர்தல் குழாமில் அவருக்கு 212, மெக்லெல்லனுக்கு 21. நாடு முழுவதும் பார்த்தால் சிப்பாய் வாக்கை எடுத்துவிட்டாலும் லிங்கன் ஜெயித்திருப்பார். ஓரிரு மாநிலங்கள் மட்டும் சந்தேகம். நியூயார்க்கில் 7,30,000 வாக்குகளில் வித்தியாசம் 6,749தான்; அங்கே சிப்பாய்ச் சீட்டுகள் ஊர்ச் சீட்டுகளோடு கலந்து எண்ணப்பட்டதால் கணக்கைப் பிரிக்க முடியாது.

ஆனால் சிப்பாய் வாக்கே தீர்ப்பெழுதிய ஓரிடம் உண்டு. அதிபர் தேர்தலின் இரைச்சலில் பலரும் கவனிக்காமல் விட்ட இடம். மேரிலண்ட், யூனியனோடு நின்ற அடிமை மாநிலம். விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டும் என்பதால் மேரிலண்டின் அடிமைகளைத் தொடவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் புதிய அரசியல் சாசனத்தை அந்த மாநிலம் எழுதி, 1864 அக்டோபர் 12, 13 தேதிகளில் மக்கள் முன் வைத்தது. ஊரில் விழுந்த வாக்குகள்: ஆதரவு 27,541, எதிர்ப்பு 29,536. தோற்றுவிட்டது. பிறகு முகாம்களிலிருந்து மேரிலண்ட் சிப்பாய்களின் வாக்குகள் வந்தன: ஆதரவு 2,633, எதிர்ப்பு 263. கூட்டிப் பார்த்தால் 375 வாக்கு வித்தியாசத்தில் சாசனம் நிறைவேறியது. நவம்பர் 1ஆம் தேதி மேரிலண்டில் அடிமை என்று ஒருவரும் இல்லை. இந்த வாக்குச்சீட்டில் மெக்லெல்லன் பெயர் இல்லை, சிகாகோத் தீர்மானம் இல்லை. கேள்வி அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதுதான். பத்துக்கு ஒன்பது சிப்பாய் வேண்டாம் என்றான். அதிகாரி பக்கத்தில் நின்றிருப்பான், உண்மைதான். எதிர்ப்பாளர்கள் விலகிப் போயிருப்பார்கள், அதுவும் உண்மை. மக்ஃபர்சனும் மேனிங்கும் சொன்ன பழைய கதை முழுப் பொய்யில்லை என்பதற்கு மேரிலண்டைத்தான் நான் காட்டுவேன்.

இவ்வளவு கணக்கிலும் ஒரு பெரிய கூட்டம் எந்தப் பத்தியிலும் வரவில்லை. போர் முடிவதற்குள் யூனியன் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர் சுமார் 1,80,000 பேர். வடக்கின் சில மாநிலங்களைச் சேர்ந்த சிலரைத் தவிர அவர்களுக்கு வாக்கு கிடையாது. வைட்டின் 78க்குள்ளும் இல்லை, மிச்ச 22க்குள்ளும் இல்லை. லிங்கனுக்கு இது தெரியாமலில்லை. 1864 மார்ச்சில் லூசியானா ஆளுநர் மைக்கேல் ஹானுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதத்தில், கறுப்பினத்தாரில் சிலருக்கு, குறிப்பாகப் படையில் தீரமாகப் போரிட்டவர்களுக்கு, வாக்குரிமை தரலாமே என்று ஒரு யோசனையை மெல்லப் போட்டுப் பார்த்தார். அதையே 1865 ஏப்ரல் 11ஆம் தேதி வெள்ளை மாளிகைக்கு முன் கூடிய கூட்டத்திடம் வெளிப்படையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜான் வில்க்ஸ் பூத்தும் ஒருவன். மூன்று நாளில் லிங்கனைச் சுட்டான்.

அந்த 1,80,000 பேரில் பிரின்ஸ் ரிவர்ஸ் என்பவரை மட்டும் இங்கே அறிமுகப்படுத்துகிறேன். தென் கரோலினாவில் அடிமையாக, எஜமானின் சாரட் வண்டி ஓட்டியவர். தப்பி வந்து முதலாம் தென் கரோலினாத் தொண்டர் படையில் சார்ஜன்ட் ஆனார். 1863 ஜனவரி 1, விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த அன்று போர்ட் ராயலில் நடந்த விழாவில் ரெஜிமென்ட்டின் கொடியைப் பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர் அவர். 1864 ஜூனில் லிங்கனை வேட்பாளராக அறிவித்த பால்டிமோர் மாநாட்டுக்குத் தென் கரோலினாவிலிருந்து வந்த பிரதிநிதிகளில் அவரும் இருந்தார். அந்தக் குழுவுக்கு உள்ளே இடம் கொடுக்கவில்லை. நாலே வருஷத்தில், 1868இல், தென் கரோலினாவின் புதிய அரசியல் சாசனத்தை எழுதிய சபையில் உறுப்பினராக உட்கார்ந்தார். பிறகு சட்டமன்ற உறுப்பினர், உள்ளூர் நீதிபதி. 1876 ஜூலையில் ஹாம்பர்க் என்ற சிற்றூரில் கறுப்பினத்தவரின் குடிப்படையை (மிலிஷியா) வெள்ளையர் கும்பல் ஒன்று சுற்றிவளைத்தபோது, அந்தப் படையின் மீதான வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த நீதிபதி இவர்தான்.

ஹாம்பர்கில் நடந்தது என்ன, சீருடையைக் கழற்றிய சிப்பாய்கள் வடக்கில் சங்கம் கட்டி அதிபர்களை உருவாக்கிய அதே ஆண்டுகளில் தெற்கில் ரிவர்ஸ் போன்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது அடுத்த தொடரில்.

(தொடரும்)